ஒரு சோறு எப்பொழுது பதமாகும்?

பணியின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் தமிழகத்தைவிட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறி வாழும் நாம், நமக்கு நன்கு பழகிய சொற்கள் அங்கங்கே பழகாத பொருளில் வழங்கக் கண்டு வியப்பதுண்டு. ஐதராபாத்திலும் பெங்களூரிலும் அண்டை வீட்டார் 'அனுமானம்' என்று சொன்னால் அதற்குச் சந்தேகம் என்பது பொருள். தில்லியில் அதே சொல் உத்தேசமான மதிப்பைக் குறிக்கிறது. தமிழில் 'பிரமாணம்' என்றவுடன் பதவி ஏற்போர் கூறும் உறுதிமொழி நம் நினைவுக்கு வருகிறது; இந்தியிலோ அது சான்று. ஆதலின் அங்கே சான்றிதழ் 'பிரமாண பத்திரம்' எனப்படுகிறது. எதிர்க்கட்சியை இந்திச் செய்திகளில் 'விபக்ஷம்' என்கின்றனர். கேரளத்தில் 'தர்க்கம்' என்பது பெரும்பாலும் சச்சரவையே உணர்த்தும். நம் ஊரிலுங்கூட, விடாப்பிடியாகப் பேசுகிறவனைப் பார்த்து, 'வாதம் பண்ணாதே' என்கிறோம். மருத்துவரிடம் சென்றாலோ வாதம் என்பது உடலைப் பற்றிய நோயாகிவிடுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு இச்சொற்கள் நாள்தோறும் சிறு தொல்லை தருபவை. ஆயினும் இவற்றின் வரலாறு இனிமையானது. நோயைக் குறிக்கும் வாதம் வேறு சொல். அதனை விடுத்தால், ஏனையவை ஒரு காலத்தில் ஒரே கலையைச் சேர்ந்த கலைச்சொற்களாக இருந்தன. கண்டதைக் கொண்டு காணாததை அறிவது அனுமானம். அறிவு பெறும் வாயில் பிரமாணம். அதனையே தமிழ்நூல்கள் 'அளவை' என்றன. எதைப் பற்றி முடிவு கூறுகிறோமோ அது பக்கம். இவற்றையெல்லாம் கற்பித்த கலை வாதக்கலை. ஒரு கருத்தை ஏற்காதவரும் எடைபோட்டுப் பார்க்கத்தக்க முறையில் அதற்குக் காரணம் காட்டுவதே வாதம்; குரலை உயர்த்துவது வாதமாகாது.

இக்கலையைப் பற்றி ஒரு கேள்வி நெடுங்காலமாக இருந்து வருகிறது. கணக்காசிரியரும் காரணம் காட்டுகிறார், மருத்துவரும் காட்டுகிறார், வழக்கறிஞரும் வரலாற்றறிஞரும் காட்டுகின்றனர். இவர்கள் எல்லோரும் கையாளும் வாதம் ஒன்றுதானா? ஒன்றாயின், ஒரு துறையில் வெல்லும் காரணம் மற்றொரு துறையில் தோற்பது ஏன்? பலவாயின், துறைதோறும் புதிதாகக் கற்க வேண்டுமா? இவ்வினாவை ஒரு பழமொழியைத் துணைக்கொண்டு ஆராய்வோம்.

பானையும் சோறும்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதை அறியாத தமிழர் இலர். இது வெறும் சமையற் குறிப்பன்று. முழுமையான ஓர் அனுமானம். கரண்டியில் எடுத்த ஒரு சோற்றை விரலால் நசுக்கிப் பார்க்கிறோம். பார்க்காத ஆயிரக்கணக்கான பருக்கைகளும் வெந்துவிட்டன என்று முடிவு செய்து உலையை இறக்குகிறோம்.

நியாய சூத்திரம் இயற்றிய கௌதமர், ஒரு வாதத்திற்கு 5 உறுப்புகளை வகுத்தார். மலையில் தீ உண்டு என்பது முதல் உறுப்பு, இது மேற்கோள். புகை காணப்படுவதால் என்பது இரண்டாவது; இது ஏது. புகை உள்ள இடத்தில் தீ உண்டு, அடுக்களையிற் போல, என்பது மூன்றாவது, இது எடுத்துக்காட்டு. இம்மலையும் அவ்வாறே புகையுடையது என்பது நான்காவதாகிய உபநயம். ஆகவே இங்கே தீ உண்டு என்பது நிகமனம். இவ்வைந்தினுள் உயிர்நிலை மூன்றாம் உறுப்பிலே இருக்கிறது. புகைக்கும் தீக்கும் உள்ள பிரியாத தொடர்பை வியாப்தி என்பர். அத்தொடர்பு உறுதியானால் வாதம் நிற்கும். அது தளர்ந்தால் மற்ற நான்கும் இருந்தும் பயனில்லை.

நம் பானைக்கு வருவோம். ஒரு சோற்றிலிருந்து பானை முழுவதற்கும் செல்ல நமக்கு உரிமை அளித்தது எது? அரிசி ஒரே அரிசி, நீர் ஒரே நீர், அடுப்பு ஒரே அடுப்பு, கிளறியும் விட்டோம். ஆதலின் ஒரு பருக்கைக்கு நேர்ந்தது மற்றவற்றுக்கும் நேர்ந்திருக்கும். பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் கலந்து உலையில் இட்டிருந்தால் எந்த இல்லத்தரசியும் ஒரு சோற்றை நம்பி இறக்க மாட்டார். பழமொழி 'ஒரு பானைச் சோற்றுக்கு' என்று வரையறுத்துக் கூறியது அதனால்தான். அவ்வரையறையை மறந்துவிட்டு, 'ஒரு சோறு பதம்' என்பதை மட்டும் எங்கும் எடுத்துச் செல்வதிலே பிழை தொடங்குகிறது.

துறைதோறும் வேறுபடும் அளவுகோல்

கணிதத்தில் ஒரு சோறு என்ன, நாற்பது சோறும் பதமாகா. ஆய்லர் பெயரால் வழங்கும் கணக்கொன்று இதனை விளக்கும். ஓர் எண்ணை எடுத்து அதனை அதனாலேயே பெருக்குக. வந்த தொகையோடு அவ்வெண்ணையும் 41ஐயும் கூட்டுக. 1ஐ எடுத்தால் 43 வரும். 2ஐ எடுத்தால் 47. 3ஐ எடுத்தால் 53. இவை யாவும் வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண்கள். இவ்வாறே 39 வரையில் ஒவ்வொன்றாகச் சோதித்தாலும் பகா எண்ணே கிடைக்கும். இத்தனை முறை பார்த்தபின் யாரும் ஐயுற மாட்டார்கள். ஆனால் 40ஐ எடுத்தால் 1681 வருகிறது. அது 41ஐ 41ஆற் பெருக்கிய தொகை. பகா எண் அன்று. கணிதத்தில் எத்தனை எடுத்துக்காட்டும் ஒரு பொது விதியை நிலைநாட்டாது. மாறான எடுத்துக்காட்டு ஒன்று வந்தால் விதி வீழ்ந்துவிடும். ஆதலின் எல்லா எண்களுக்கும் பொருந்தும் காரணத்தையே கணிதர் தேடுகின்றனர். 16ஆம் நூற்றாண்டில் கேரளத்து ஜ்யேஷ்டதேவர் இயற்றிய 'யுக்திபாஷை' இத்தகைய நூல். மாதவர் மரபில் வந்த கணித முடிவுகளை அவர் கூறியதோடு நில்லாமல், அவை ஏன் உண்மை என்னும் யுக்தியையும் விரித்தெழுதினார். அதனையும் வடமொழியில் அன்றி நாட்டு மொழியாகிய மலையாளத்தில் எழுதினார்.

மருத்துவத்தின் நிலை வேறு. மருத்துவர் எல்லா உடல்களுக்கும் பொருந்தும் முற்றுறுதியை எதிர்பார்க்க இயலாது. நோயாளியோ காத்திருக்க மாட்டார். சரக சம்ஹிதை, நேரில் காண இயலாதவற்றைக் குறிகளைக் கொண்டு அறியுமாறு மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கிறது. செரிக்கும் ஆற்றலைக் கொண்டு உடலின் அக்கினியையும், உழைக்கும் ஆற்றலைக் கொண்டு வலிமையையும் உய்த்துணர்க என்கிறது. நோயாளியின் உடலில் ஈக்கள் மொய்த்தால் உடலில் இனிப்பு மிகுந்தது என்று ஊகிக்கலாம் என்று கூறுமளவுக்கு அந்நூலார் கூர்ந்து நோக்கினர்.

ஆனால், 'இம்மருந்தை உண்டார், குணமடைந்தார், ஆகவே மருந்தே குணப்படுத்தியது' என்னும் வாதம் மருத்துவத்திலே மிக எளிதில் ஏமாற்றுவது. மருந்து உண்ணாவிடினும் அவர் குணமடைந்திருக்கக் கூடும். இதற்கு மாற்றாக, ஒத்த நோயாளிகளைச் சீட்டுப் போட்டாற்போல் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் முறை 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வேரூன்றியது. அதற்குச் சிறந்த சான்றொன்று சென்னையிலே நிகழ்ந்தது. காசநோய்க்கு மருந்து மட்டும் போதாது. மருத்துவமனையிற் படுக்கையும், ஓய்வும், ஊட்டமான உணவும், தூய காற்றும் இன்றியமையாதவை என்று அக்காலத்தார் கருதினர். கேட்போர் தலையசைக்கும் வாதம் அது. 1956இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளுள் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும் மற்றொரு பகுதியினரை அவர்தம் எளிய வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தோர் போதிய உணவும் இடமும் இல்லாதவர்கள். ஆயினும் ஒழுங்காக மருந்து உண்ட அவர்களும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தினருக்கும் அதனால் மிகுதியான ஆபத்து நேரவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. படுக்கை கிடைக்காத எண்ணற்ற ஏழைகளுக்கு வீட்டிலேயே மருந்து கிடைக்க வழி பிறந்தது. தவறான ஒரு வியாப்தியை அகற்றியதன் பயன் இது.

நீதிமன்றத்திற்குச் செல்வோம். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியமத்திற்கு இடமளித்தது. எனினும் அடிப்படையான ஒரு பாகுபாடு இரண்டிலும் உண்டு. ஒரு செய்தி மெய்யென்று காட்டப்பட்டிருக்கலாம், பொய்யென்று காட்டப்பட்டிருக்கலாம், இரண்டும் இன்றி மெய்ப்பிக்கப்படாமலே நிற்கலாம். மொழிபெயர்ப்பாளர் பின்னிரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே சொல்லால் பெயர்த்தால் சட்டமே கெட்டுவிடும். 'மெய்ப்பிக்கவில்லை' என்பது 'பொய்' என்பதாகாது. மேலும், குற்ற வழக்கில் நியாயமான ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். உரிமை வழக்கிலோ எப்பக்கம் உண்மையாயிருத்தல் மிகுதியும் இயலும் என்று பார்த்தாற் போதும். ஒருவருடைய சுதந்திரமும் உயிரும் பணயமாகும் இடத்தில் அளவுகோல் கடுமையாகிறது. சாட்சிகளுக்கு இத்தனை பேர் என்னும் கணக்கும் சட்டத்தில் இல்லை. நம்பத்தக்க ஒரே சாட்சி போதுமானவராகலாம். இங்கே ஒரு சோறு சில வேளைகளிற் பதமாகிறது. ஆனால் குறுக்கு விசாரணை என்னும் விரலால் நசுக்கிப் பார்த்த பின்னரே.

வரலாற்றறிஞருக்கும் ஒரே சான்று பெருந்துணையாவதுண்டு. கருநாடகத்து ஐகொளெ என்னும் ஊரிலுள்ள, இரண்டாம் புலிகேசியின் புகழ்பாடும் கல்வெட்டில், அதனை இயற்றிய இரவிகீர்த்தி தன்னைக் காளிதாசனோடும் பாரவியோடும் ஒப்பிட்டுக் கொள்கிறார். கல்வெட்டின் காலம் கி.பி. 634-35. ஆகவே அவ்விரு கவிஞரும் அவ்வாண்டுக்கு முன்னரே புகழ் பெற்றிருந்தனர் என்பது உறுதி. ஆனால் எத்தனை ஆண்டுக்கு முன்னர் என்பதை அக்கல் கூறவில்லை. சான்று எதுவரை பேசுகிறதோ அதுவரை சென்று அதற்கப்பால் நின்றுவிடுவதே வரலாற்றாசிரியருடைய பயிற்சி.

இனி வானியல். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து குறுகிய விண்மீன் ஒன்று தாங்கி நிற்கக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். 1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியற் கழகத்தில் அவர் அதனை எடுத்துரைத்தபோது, அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞராகிய எடிங்டன் எழுந்து அதனை மறுத்தார். கணக்கில் இன்ன இடத்தில் பிழை என்று அவர் காட்டினாரில்லை. அவ்வரம்பைக் கடந்த விண்மீன் ஓயாது சுருங்கிக்கொண்டே போகும் என்னும் முடிவு நம்பத்தகாததாயிருக்கிறது என்பதே அவர் மறுப்பின் உட்கிடை. அவையோர் பெரியவர் பக்கமே நின்றனர். சான்றோர் வாக்கை 'ஆப்தவாக்கியம்' என்று கூறி நம் முன்னோர் அதனையும் ஓர் அளவையாகக் கொண்டனர். ஆயினும் எல்லாத் துறையிலும் அதற்கு ஒரே எடை இல்லை. சந்திரசேகரின் வரம்பு பின்னர் உறுதிப்பட்டது. 1983இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

1958இல் எழுந்த இரு நூல்கள்

இவ்வாறு துறைதோறும் அளவுகோல் மாறுவதை மேனாட்டில் தெளிவாக எடுத்துரைத்த இரண்டு நூல்கள் 1958ஆம் ஆண்டிலே வெளிவந்தன. ஒன்று இங்கிலாந்தில் ஸ்டீவன் டூல்மின் எழுதியது. மற்றொன்று பெல்ஜியத்தைச் சேர்ந்த பெரல்மன் என்பாரும் ஒல்பிரெக்ட்ஸ்-டிட்டேகா என்னும் அம்மையாரும் கூடிப் பிரெஞ்சு மொழியில் எழுதியது. வடிவக் கணித முறையைப் போன்ற தருக்கமே தருக்கம் என்னும் எண்ணம் அந்நாளில் ஓங்கியிருந்தது. நீதிபதியும் மருத்துவரும் அரசியலாரும் அன்றாடம் காட்டும் காரணங்கள் அந்த வார்ப்பில் அடங்கமாட்டா என்று இவ்விரு நூல்களும் எடுத்துக்காட்டின.

டூல்மின் ஒரு வாதத்தை 6 கூறாகப் பிரித்தார். நம் பானையைக் கொண்டே அவற்றை விளக்கலாம். 'சோறு வெந்தது' என்பது முடிபு. 'இப்பருக்கை வெந்திருக்கிறது' என்பது தரவு. 'ஒரே உலையில் வெந்த அரிசி ஒருபடித்தாகவே வேகும்' என்பது தரவிலிருந்து முடிபுக்குச் செல்ல நமக்கு உரிமை தரும் இணைப்பு விதி. தலைமுறை தலைமுறையாகச் சமைத்த பட்டறிவு அவ்விதியின் பின்புலம். 'பெரும்பாலும்' என்பது முடிபின் உறுதியை அளந்து கூறும் சொல். 'இருவகை அரிசி கலவாதிருந்தால்' என்பது விலக்கு. இவ்வாறு கூறுகளாகப் பிரிக்கும் முறை எல்லாத் துறைக்கும் பொது. எத்தகைய இணைப்பு விதியை ஏற்கலாம், அதற்கு எத்தகைய பின்புலம் வேண்டும் என்பன மட்டும் துறைக்குத் துறை வேறுபடும். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இதுவே தக்க விடை எனலாம். எலும்புக்கூடு ஒன்று, தசை வேறு வேறு.

டூல்மினின் நூலைத் தத்துவப் பேராசிரியர் பலர் முதலில் விரும்பி வரவேற்கவில்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் பேச்சுக்கலையும் கட்டுரை எழுதுதலும் கற்பித்த ஆசிரியர்கள் அதனை ஆர்வத்தோடு கைக்கொண்டனர். கற்பிக்கும் ஆசிரியருக்கே அதன் அருமை முதலிற் புலப்பட்டது.

கற்பித்த முறைகள்

நம் நாட்டில் வாதத்தை எவ்வாறு கற்பித்தனர்? முதலாவதாக, வாதத்தின் நோக்கத்தைப் பிரித்தறியக் கற்பித்தனர். உண்மை காண்பதற்காகப் பேசுவது வாதம். வெற்றிக்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் இன்றிப் பிறர் கூற்றைத் தகர்ப்பது மட்டுமே நோக்கமாயின் அது விதண்டை. 'விதண்டாவாதம்' என்று இன்றும் நாம் சொல்வது நியாய நூலார் தந்த சொல்லே. வாதத்தில் ஒருவர் தோற்றதாகக் கொள்ளும் 22 இடங்களையும் அந்நூல் பட்டியலிட்டது.

இரண்டாவதாக, எவரோடு பேசுகிறோம் என்பதை அறியக் கற்பித்தனர். மருத்துவர் தம்முட் செய்யும் உரையாடலைச் சரக சம்ஹிதை இருவகையாக்குகிறது: இணங்கிப் பேசுவது ஒன்று, முரணிப் பேசுவது மற்றொன்று. இணங்கிப் பேசும் அவையில் தோல்விக்கு அஞ்சலாகாது. பிறரை வென்றபோது மகிழ்ந்து குதித்தலும் ஆகாது என்று அந்நூல் அறிவுறுத்துகிறது. நோயாளியின் உயிர் இடையே நிற்கும்போது மருத்துவரின் தற்பெருமைக்கு இடமேது?

மூன்றாவதாக, மாற்றார் பக்கத்தை முதலில் கூறப் பழக்கினர். வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மீமாம்சகர், ஆராயும் பொருள், ஐயம், பூர்வபட்சம், அதற்கு மறுப்பு, முடிவு என்று ஒவ்வொரு சிக்கலையும் படிப்படியாக நடத்தினர். பூர்வபட்சம் எதிராளியின் வாதம். அதனை வலிமை குன்றாமற் கூறிய பின்னரே மறுக்க வேண்டும். தமிழில் 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பகுதியையே ஒதுக்கிப் பிற மதங்களின் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவினார். பவணந்தியாரின் நன்னூல், நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நெறிகளை 7 மதங்களாக வகுத்தது. அவற்றுள் முதலாவது உடன்படல். மறுத்தல் அதற்கு அடுத்ததே. பிறர் கூற்றில் ஏற்கத்தக்கதை முதலில் ஏற்றுக் கொள்க என்னும் பண்பு இவ்வரிசையிலே அமைந்திருப்பதாகக் கொள்ளலாம்.

இக்கலை ஊர்விட்டு ஊர் சென்ற கதையும் நமக்குரியது. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சிநகரத்தே அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவைநூலைக் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் உறுப்புகளும், பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 ஆகிய குற்றங்களும் அங்கே செய்யுளில் விரித்துரைக்கப் பெறுகின்றன. பௌத்த அளவைநூலின் தந்தை எனப் போற்றப்பெறும் திங்நாகர் காஞ்சியை அடுத்த ஊரில் தோன்றியவர் என்பது திபெத்திய மரபு. அவருடைய நெறி வடநாட்டுப் பௌத்தப் பள்ளிகளில் வளர்ந்து, இமயம் கடந்து திபெத்தில் வேரூன்றியது. 1959க்குப் பின்னர் இந்தியாவிற் புகலடைந்த திபெத்தியத் துறவிகள் கருநாடகத்தில் பைலகுப்பேயிலும் முண்டுகோடிலும் மடங்களை அமைத்தனர். தென்னாட்டிற் பிறந்தது என்று மரபு கூறும் கலை, நெடுவழி சுற்றித் தென்னாட்டுக்கே மீண்டது.

கருநாடகத்தில் வாழும் நம்மவர் அம்மடங்களுக்குச் சென்றால் இக்கலையை நேரிற் காணலாம். வினவுபவர் நின்றுகொண்டு கைதட்டி வினவுவார். விடையளிப்பவர் அமர்ந்திருப்பார். அவர் நீண்ட சொற்பொழிவு ஆற்றலாகாது. 'ஏற்கிறேன்', 'ஏன்?', 'ஏது நிலைபெறவில்லை', 'ஏதுவிலிருந்து முடிபு தொடரவில்லை' என்பன போன்ற சில விடைகளே அவருக்கு உண்டு. இளமாணவர்க்கு முதற்பாடம் தத்துவம் அன்று. வண்ணங்களைப் பற்றிய எளிய வினாக்களே. ஏது பொய்யா, அல்லது ஏது மெய்யாயினும் முடிபு தொடரவில்லையா என்னும் வேறுபாட்டை இளமையிலேயே இவர்கள் பழகிவிடுகின்றனர்.

வடமொழியில் பயின்றதைத் தமிழிற் கொணர்ந்தோரும் உண்டு. ஆந்திர நாட்டினரான அன்னம்பட்டர் 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய தருக்கசங்கிரகம், நாடெங்கும் தருக்கத்தின் முதற்பாட நூலாக விளங்கியது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதனை 18ஆம் நூற்றாண்டில் தமிழாக்கினார்.

நமக்கு இதனால் ஆவது என்ன?

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இஃது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. ஒரு சோற்றைக் கொண்டு நம்மை எடைபோட்டவர்கள் உண்டு. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில், உள்ளூர் மக்களுக்குரிய வேலைகளைத் தென்னிந்தியர் கவர்ந்து கொண்டனர் என்னும் கிளர்ச்சி எழுந்தது. அதற்குச் சான்றாக உயர்பதவியினரின் பெயர்ப்பட்டியல்கள் வார இதழொன்றில் வெளியாயின. பெயர்கள் மெய்யானவையாகவே இருக்கலாம். அவற்றை மறுத்துப் பயனில்லை. நாம் கேட்க வேண்டியது இணைப்பு விதியை: சில அலுவலகங்களிற் சிலர் பதவி வகித்ததிலிருந்து, ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் மற்றொரு கூட்டத்தின் பிழைப்பைப் பறித்தது என்னும் முடிபு எவ்வாறு தொடரும்? ஏது நிலைபெறினும் முடிபு தொடரவில்லை. அவ்வாதத்தினால் அடியும் அச்சமும் அடைந்தவர் எளிய குடும்பத்தினரே.

அதே தவறு எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று கைப்பேசிகளிற் படக்காட்சிகள் பரவின. வேறு நிகழ்ச்சிகளின் காட்சிகளே அவ்வாறு திரித்துப் பரப்பப்பட்டன எனத் தமிழகக் காவல்துறை அறிவித்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து விசாரித்தது. அதற்குள் அஞ்சி ஊர் திரும்பிய தொழிலாளர் பலர். இங்கே திட்டாந்தமே போலி. கண்ணாற் கண்ட காட்சியாயினும், அது இவ்விடத்து நிகழ்ச்சி அன்று. நம்மைப் போலவே ஊர்விட்டுப் பிழைக்க வந்த மக்கள் அவர்கள். நம் மீது வீசப்பட்டபோது நாம் மறுத்த வாதத்தை, அவர்கள் மீதோ நாம் வாழும் மாநிலத்து மக்கள் மீதோ நாமே வீசுதல் தகுமா? 'இவ்வூர்க்காரர் எல்லாரும் இப்படித்தான்' என்று நம் வீடுகளில் உணவருந்தும்போது வெளிப்படும் பேச்சு, குழந்தைகளின் செவியில் வியாப்தியாகவே விழுகிறது. மக்கள் ஒரே உலையில் வெந்த அரிசி அல்லர்.

நம் பிள்ளைகள் பள்ளியில் கணிதம், அறிவியல், வரலாறு, மொழி என்று பல பாடங்களைக் கற்கின்றனர். ஒவ்வொன்றிலும் எது விடை என்பதைப் பள்ளி கற்பிக்கிறது. ஒவ்வொன்றிலும் எது சான்று என்பதை நாமும் வீட்டிலே கேட்டுப் பழக்கலாம். அதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. பிள்ளை ஒரு கருத்தைச் சொன்னால் நான்கு வினாக்கள் போதும். நீ நிறுவ விரும்புவது யாது? அதற்கு ஏது யாது? அந்த ஏதுவிலிருந்து இம்முடிபு தொடர்வது எதனால்? எது நேர்ந்தால் உன் முடிபை மாற்றிக் கொள்வாய்? கணக்குப் பாடத்தில் மூன்றாம் வினாவுக்கு வரும் விடையும், வரலாற்றுப் பாடத்தில் வரும் விடையும் வேறுபடுவதைப் பிள்ளைகள் தாமே கண்டு கொள்வர். கேட்கும் நாமும் அவ்வினாக்களுக்கு உட்பட்டவர்களாய் இருத்தல் வேண்டும்; 'பெரியவர் சொன்னால் கேள்' என்று முடித்துவிட்டால் பயிற்சி அங்கேயே நின்றுவிடும்.

ஊர்தோறும் நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவிலே பட்டிமன்றம் நடத்துகின்றன. பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அறியும். அத்தொன்மையான வழக்கம் நம்மோடு வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. அங்கே ஒரு சிறு விதியை மட்டும் சேர்த்துக் கொள்ளலாம். இளைஞர் ஒவ்வொருவரும் தம் பக்கத்தைப் பேசுமுன், எதிரணியின் வாதத்தை எதிரணியினரே 'ஆம், இதுவே நாங்கள் கூறுவது' என்று ஒப்புமாறு எடுத்துரைக்க வேண்டும். அயல்மொழி பேசும் நண்பரையும் அழைத்து, அவர் மொழியிலும் அதனைச் செய்யச் சொல்லலாம். இருமொழி அறிந்த நம் பிள்ளைகளுக்கு அது கைவரும். மாற்றார் கருத்தை அவர் சொல்லிலேயே கூறக் கற்றவர்கள், வாழும் ஊரில் வழக்கு எழும்போது அஞ்சி ஒதுங்கவும் மாட்டார்கள், ஆத்திரப்படவும் மாட்டார்கள். அப்பயிற்சியை இவ்வாண்டுப் பொங்கலிலேயே தொடங்குதல் நலம்.